பெண்ணைப் பற்றிய புஸ்தகமா? பெண் பேசும் புஸ்தகமா?



நமது நாட்டில் பெண்ணைப் பற்றிய புஸ்தகங்களுக்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை. சாவித்திரி, சந்திரமதி, தமயந்தி, நளாயினி, சீதை என்று பெயரைச் சொன்னாலே கதை வந்துவிடும். காதல் வேண்டுமா, இருக்கிறது. கஷ்டம் வேண்டுமா, மூட்டை மூட்டையாக இருக்கிறது. அந்தக் கஷ்டங்களையெல்லாம் பொறுத்துக் கரையேறிய மனவுறுதி வேண்டுமா, அதற்கும் குறைவில்லை. இவைகளைப் படித்தும், காலட்சேபத்தில் கேட்டும், நாடகக் கொட்டகையில் பார்த்தும் நம் ஜனங்கள் வடித்த கண்ணீரைத் தேக்கி வைத்திருந்தால் ஓர் ஏரி நிரம்பியிருக்கும். இன்றைக்கு அதே சரக்கு தொலைக்காட்சித் தொடராக வீட்டுக் கூடத்துக்கே வந்து, கண்ணீருக்கு வழி செய்துகொண்டிருக்கிறது. ஆனால் இவ்வளவு கண்ணீரால் ஒரு பெண்ணின் விலங்காவது கழன்றதா என்றுதான் நாம் கேட்கிறோம்.

கழலவில்லை. கழலாததற்குக் காரணம் அந்தக் கதைகளிலேயே இருக்கிறது. சந்திரமதியை விலை கூறி விற்றவன் யார்? அவள் புருஷன். தமயந்தியை நடுக்காட்டில் நடு இரவில் விட்டு விட்டு ஓடியவன் யார்? அவள் புருஷன். சீதையை நெருப்பில் இறங்கவைத்தவன் யார்? அவள் புருஷன். குஷ்டரோகியான கணவனைக் கூடையில் வைத்துத் தாசி வீட்டுக்குச் சுமந்து சென்றாளே நளாயினி, அந்த ஆசை யாருடையது? அதுவும் புருஷனுடையதே. ஆக, இந்தக் கதைகளில் கஷ்டத்தைக் கொடுத்தவன் ஒருவன், பட்டவள் ஒருத்தி. கதை முடிகிறபோது கொடுத்தவனுக்குச் சத்தியசந்தன், அவதாரம், மகரிஷி என்ற பட்டங்கள் கிடைக்கின்றன. பட்டவளுக்குப் பத்தினி என்ற ஒரே பட்டம் கிடைக்கிறது. அதுவும் இன்னொரு தரம் கஷ்டம் வந்தாலும் வாய் திறக்கமாட்டாள் என்ற உத்திரவாதத்தின் பேரில்தான். அரசனை அவன் சபையிலேயே நிறுத்திக் கேள்வி கேட்ட கண்ணகியிடமிருந்து கூட, நம் நாட்டார் கும்பிட எடுத்துக்கொண்டது அவளுடைய கற்பைத்தானே தவிர, அவளுடைய கேள்வியை அல்ல.

இதிலிருந்து ஒரு விஷயம் விளங்கும். பெண்ணின் பொறுமையைப் புகழுகிற புஸ்தகம் பெண்ணுக்காக எழுதப்பட்டதல்ல. அவளுக்குக் கஷ்டம் கொடுக்கிறவனுடைய சௌகரியத்துக்காக எழுதப்பட்டது. சுமை சுமக்கிற மாட்டைப் பார்த்து "எவ்வளவு உறுதியான மாடு!" என்று மெச்சுகிறவன் வண்டிக்காரன்தான். அந்த மெச்சுதலால் மாட்டின் கழுத்துப் புண் ஆறிவிடாது.

நிற்க, இதற்கு எதிராகச் சிலர் ஒரு சமாதானம் சொல்லுவதுண்டு. "அந்தக் காலத்தில் பெண்கள் எழுதவில்லை, ஆகவே ஆண்கள் எழுதினார்கள். பெண்களே எழுதியிருந்தால் யார் தடுத்தார்கள்?" என்பது அந்தச் சமாதானம். யார் தடுத்தார்கள் என்பதற்கு அச்சிலும் சர்க்கார் உத்தரவிலும் அத்தாட்சி இருக்கிறது. தஞ்சாவூர் அரண்மனையில் தொடங்கிய ஒரு புஸ்தகத்தின் கதையை மட்டும் கேளுங்கள்.

தஞ்சாவூரில் மராட்டிய அரசர் பிரதாபசிம்மர் 1739 முதல் 1763 வரை ஆண்டார். அவருடைய சபையில் முத்துப்பழனி என்ற கணிகை இருந்தார். சங்கீதமும் சாகித்தியமும் கற்றவர். அவர் தெலுங்கில் 'ராதிகா சாந்த்வனம்' என்ற காவியத்தைப் பாடினார். தான் வளர்த்த இளா என்ற பெண்ணைக் கிருஷ்ணனுக்கு மணம் முடித்துக் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பிரிவைத் தாங்கமுடியாமல் கோபமும் ஆசையுமாகத் தவிக்கிற ராதையின் கதை அது. கடைசியில் கிருஷ்ணன் ராதையிடம் வந்து அவளைச் சமாதானப்படுத்தவேண்டியிருக்கிறது. பெண்ணுக்கும் ஆசை உண்டு, கோபம் உண்டு, அதை ஆண் பிள்ளை வந்து ஆற்றவேண்டும் என்பதை ஒரு பெண்ணே சொன்ன காவியம் அது. அந்நூலில் அவர் தம்முடைய படிப்பைப் பற்றியும், தமக்கு முன்னிருந்த பெண்களைப் பற்றியும் கூசாமல் பெருமையோடு சொல்லிக்கொள்ளுகிறார். அரண்மனைச் சபையும் அதைக் கேட்டது. வானம் இடிந்து விழுந்துவிடவில்லை.

நூறு வருஷத்துக்கு மேல் கழித்து 1887-இல் அது அச்சேறியது. ஆனால் பதிப்பித்தவர் தமக்குக் கூச்சமாகப்பட்ட இடங்களை விட்டு விட்டுப் பதிப்பித்தார். அதற்குப் பிறகு ஆந்திர தேசத்தின் பெரிய சீர்திருத்தக்காரரான கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு, தெலுங்குக் கவிகளின் சரித்திரம் எழுதியபோது, இந்தப் பெண் கவியை நடத்தை கெட்டவள் என்று ஏசி, பெண்ணின் வாயில் வரத்தகாத வார்த்தைகள் இதில் இருக்கின்றன என்று தள்ளினார். வீரேசலிங்கம் சாமானியரல்ல. 1881-இல் ராஜமகேந்திரவரத்தில் விதவா விவாகம் நடத்தி வைத்து, சனாதனிகளின் பகையைச் சம்பாதித்துக்கொண்ட தைரியசாலி. அதை நாம் மறுக்கவில்லை. அவர் செய்தது பெரிய காரியம். ஆனால் பாருங்கள், பெண்ணுக்கு மறு கலியாணம் செய்து வைக்கிற அளவுக்கு விசாலமாயிருந்த மனசுக்கு, பெண் தன் ஆசையைத் தானே சொல்லுவது மட்டும் பொறுக்கவில்லை. பெண்ணுக்கு நன்மை செய்யலாம், ஆனால் பெண் பேசக்கூடாது என்கிற இடத்தில் சீர்திருத்தமும் போய் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

அப்போது பெங்களூர் நாகரத்தினம்மாள் என்ற சங்கீத விதுஷி முன்வந்தார். அவரும் தேவதாசி மரபில் வந்தவர். அச்சான புஸ்தகம் குறையுள்ளது என்று கண்டு, ஏட்டுப் பிரதியைத் தேடிப் பிடித்து, விடுபட்டதையெல்லாம் சேர்த்து, 1910-இல் சென்னையில் வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு பதிப்பகத்தார் மூலமாக முழுப் புஸ்தகத்தையும் வெளியிட்டார். முன்னுரையில் பந்துலுவுக்குப் பதிலும் சொன்னார். வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும் ஏற்பட்டதா, ஆணுக்குக் கிடையாதா என்றும், பந்துலு தாமே பார்வையிட்டு ஒப்புக்கொண்ட நூல்களில் இதைவிடப் பச்சையானவை இல்லையா என்றும் அம்மாள் கேட்டார். கேள்விக்குப் பதில் வந்ததா? போலீஸ் வந்தது. ஆபாசம் என்று சொல்லி, அன்றைய வெள்ளைக்கார சர்க்கார் புஸ்தகங்களைப் பறிமுதல் செய்து தடையும் போட்டது. பண்டிதர்கள் சிலர் விண்ணப்பம் போட்டும் பயனில்லை. பிரகாசம் பந்துலு சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியாக இருந்த 1946-47 காலத்தில்தான் தடை நீங்கிற்று. அதாவது, சுமார் 35 வருஷம் ஒரு பெண்ணின் காவியம் ஜெயிலில் இருந்தது.

ஆபாசம் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம். அதே ராதை, அதே கிருஷ்ணன், அதே விரகதாபம், அதே கூடல் விவகாரங்களைப் பற்றி ஜெயதேவர் சமஸ்கிருதத்தில் 'கீத கோவிந்தம்' பாடியிருக்கிறார். அது பூரி ஜகந்நாதர் சந்நிதியில் பாடப்படுகிறது. நமது ஊர் பஜனை மடங்களிலே அஷ்டபதி என்று சொல்லி, பெரிய மனிதர்கள் ஜால்ராவைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறார்கள். குழந்தை குட்டிகள் உட்கார்ந்து கேட்கின்றன. அதற்கு எந்தப் போலீஸும் வரவில்லை. ராதையின் உடம்பை ஆண் வருணித்தால் பக்தி. ராதையின் மனசைப் பெண் சொன்னால் ஆபாசம்! இந்த நியாயத்தை எந்தத் தராசில் நிறுத்துவது என்று பண்டிதர்களே சொல்லட்டும். வார்த்தையில் ஆபாசம் இருந்திருக்குமானால் இரண்டையும் தடுத்திருக்கவேண்டும். ஒன்றைத் தடுத்து ஒன்றைக் கும்பிட்டதிலிருந்தே, குற்றம் வார்த்தையில் அல்ல, வாயில்தான் என்று வெளிப்படவில்லையா?

இது கணிகையின் சங்கதி, குடும்ப ஸ்திரீகளுக்கு இதில் என்ன என்று யாராவது கேட்கலாம். குடும்ப ஸ்திரீயின் சங்கதியைச் சொல்லுகிறோம். வங்காளத்திலே ராசசுந்தரி தேவி என்று ஓர் அம்மாள் 19-ஆம் நூற்றாண்டில் இருந்தார். 12-ஆவது வயதிலே கலியாணம். பெரிய குடும்பத்துச் சமையல், சாமி காரியம், பிள்ளைப்பேறு என்று பொழுது போய்க் கொண்டிருந்தது. பெண் படித்தால் விதவையாகிவிடுவாள் என்று ஊரில் நம்பிக்கை. அந்த அம்மாளுக்கோ எழுத்துக்கூட்டிப் படிக்கவேண்டும் என்று அடங்காத ஆசை. என்ன செய்தார் தெரியுமா? வீட்டிலிருந்த சைதன்ய பாகவதத்தில் ஓர் ஏட்டை உருவி, சமையலறையிலே ஒளித்துவைத்துக் கொண்டார். மகன் எழுதிப் பழகின ஓலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒன்றோடொன்றை ஒப்பிட்டு ஒவ்வோர் எழுத்தாகக் கண்டுபிடித்துத் தானே படிக்கக் கற்றார். திருடன் நகையை ஒளிப்பதுபோல ஒரு பெண் எழுத்தை ஒளித்துவைக்கவேண்டியிருந்தது. பின்னர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதினார். 'ஆமார் ஜீபன்', அதாவது என் வாழ்க்கை, என்ற அந்தப் புஸ்தகமே வங்க மொழியில் வந்த முதல் சுயசரிதை என்கிறார்கள். அத்தனை பட்டதாரிகளும் வக்கீல்களும் இருந்த தேசத்தில், முதன்முதல் தன் கதையைத் தானே எழுதியது அடுப்படியில் கிடந்த ஒரு பெண்! அந்த அம்மாள் கடவுள் பக்தி மிகுந்தவர்தான். ஆனால் பக்தி நூலின் ஏட்டைக்கூடப் பெண் திருடித்தான் படிக்கவேண்டும் என்று வைத்த ஏற்பாட்டை யார் செய்தார்கள் என்பதைப் பக்தர்கள்தான் சொல்லவேண்டும்.

மராட்டிய தேசத்தையும் பாருங்கள். 1881-இல் சூரத்தில் ஒரு பிராமண விதவை, ஊர்ப் பழிக்கு அஞ்சித் தன் பச்சைக் குழந்தையைக் கொன்றதாக வழக்கு நடந்து தண்டனை விதிக்கப்பட்டது. உடனே பத்திரிகைகள் பெண் ஜாதியே கெட்டது என்று எழுதத் தொடங்கின. அந்த விதவைக்குக் குழந்தையைக் கொடுத்தவன் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பீராரில் புல்டாணா என்ற ஊரில் இருந்த தாராபாய் சிண்டே என்ற பெண்மணி கேட்டார். 1882-இல் 'ஸ்திரீ புருஷ துலனா' என்று, அதாவது பெண்ணையும் ஆணையும் ஒப்பிட்டு, ஒரு சிறு புஸ்தகம் போட்டார். பெண்கள் மேல் சுமத்துகிற குற்றங்கள் ஒவ்வொன்றையும் எடுத்து, இது ஆணிடம் இல்லையா என்று கேட்டுக் கேட்டுத் தோலுரித்தார். விளைவு, வசைமாரி. ஜோதிராவ் பூலே ஒருவர்தான் பகிரங்கமாக ஆதரித்து எழுதினார். பிறகு அந்தப் புஸ்தகம் இருந்த இடம் தெரியாமல் போய், 1975-இல்தான் மறுபடியும் அச்சுக்கு வந்தது. தடை உத்தரவு கூடத் தேவைப்படவில்லை; ஊரார் மௌனமே 90 வருஷத்துக்கு மேல் பூட்டுப் போட்டுவிட்டது.

இனி நம் தமிழ் நாட்டுக்கு வருவோம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் வறுமையின் காரணமாகச் சிறு வயதிலேயே தாசி ஒருத்தியிடம் விற்கப்பட்டு வளர்ந்தவர். அந்தக் கூண்டிலிருந்து வெளியேறி, தாம் விரும்பியவரை மணந்து, பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவலை எழுதினார். அது கற்பனைக் காதல் கதையல்ல. காதல் என்ற பெயரால் நடந்த வியாபாரத்தின் கணக்குப் புஸ்தகம். அந்த வியாபாரத்திலே மைனர் எப்படி மடையனாகிறான், தாய்க் கிழவி எப்படித் தரகாகிறாள், கோயிலும் புராணமும் எப்படி அதற்கு லைசென்ஸ் கொடுக்கின்றன என்பதை உள்ளேயிருந்து பார்த்த கண் எழுதியது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் சட்டசபையில் கொண்டுவந்த தேவதாசி ஒழிப்பு மசோதா, 1947-இல்தான் சட்டமாயிற்று. அந்த இடைக்காலத்திலே, சட்டசபைக்குப் போகமுடியாத ஜனங்களிடம் வழக்கை எடுத்துச் சொன்ன புஸ்தகம் அது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முத்துப்பழனியின் காவியத்துக்காகப் போராடிய அதே நாகரத்தினம்மாள், தேவதாசி ஒழிப்பு மசோதாவை எதிர்த்தவர். தங்கள் கலைக்கும் சொத்துக்கும் மானத்துக்கும் ஹானி வரும் என்பது அவர் கட்சி. ராமாமிர்தம் அம்மையாரோ, அந்த மானம் என்பதே சிறு பெண்களைப் பலி கொடுத்து வாங்கியது என்றார். இந்த விஷயத்தில் நாம் மூவலூர் அம்மையாரின் கட்சிதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே மரபில் வந்த இரண்டு பெண்கள், ஒரே விஷயத்தில் எதிரெதிராக நின்று காரணம் சொல்லி வாதாடினார்கள். நம் புராணங்களிலே எங்கேயாவது இரண்டு பெண்கள் ஒரு கொள்கையைப் பற்றி வாதாடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு புருஷனுக்காகச் சண்டை போடுகிற சக்களத்திகளைப் பார்த்திருப்பீர்கள். பெண்ணை அறிவுள்ள ஜீவனாகக் காட்டவேண்டுமானால், அவள் பிழையாகப் பேசினாலும் அவளே பேசவேண்டும். பேசினால்தான் பிழையும் தெரியும், திருத்தவும் முடியும்.

"இதெல்லாம் பழங்கதை, இப்போது பெண்கள் எழுதவில்லையா, யார் தடுக்கிறார்கள்?" என்பார்கள். எழுதுகிறார்கள், உண்மைதான். ஆனால் 2002-இல் குட்டி ரேவதி 'முலைகள்' என்று தம் கவிதைப் புஸ்தகத்துக்குப் பெயர் வைத்தபோது தமிழ் நாட்டில் எழுந்த கூச்சல் மறந்து போய்விட்டதா? அந்த உறுப்பைப் பற்றிக் காவியப் புலவர்கள் பாடாத பாட்டா? கோயில் கோபுரத்தில் சிற்பி செதுக்காத சிலையா? சினிமாக்காரர்கள் அதைவைத்துச் சம்பாதிக்காத பணமா? அப்போதெல்லாம் கெடாத தமிழ்ப் பண்பாடு, உடம்புக்குச் சொந்தக்காரி அதன் பெயரைச் சொன்னவுடனே கெட்டுப் போய்விட்டதாம்!

துவரங்குறிச்சியில் பிறந்த சல்மாவின் சங்கதியும் அதுவே. பெரிய மனுஷியானவுடன் பள்ளிக்கூடம் நின்றது, வீட்டுக்குள் அடைபட்டார். கலியாணமான பிறகும் எழுதத் தடை. இரவிலே குளியலறைக்குள் போய் ஒளிந்துகொண்டு கவிதை எழுதியதாக அவரே சொல்லியிருக்கிறார். தாயார் ரகசியமாய் அதை வெளியே கொண்டுபோய்ச் சேர்த்தார். சல்மா என்பதே புனைபெயர். பிறகு அவர் பஞ்சாயத்துத் தலைவியாகவும் ஆனார்; 2004-இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற நாவலும் வந்தது. வங்காளத்து அம்மாள் இந்து, துவரங்குறிச்சி அம்மாள் முஸ்லிம். அவர் படித்தது அடுப்படியில், இவர் எழுதியது குளியலறையில். நடுவிலே நூறு வருஷத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. ரயில் வந்தது, மின்சாரம் வந்தது, சுயராஜ்யம் வந்தது. பெண்ணின் எழுத்துக்கு நாம் கொடுத்த முன்னேற்றம், அடுப்படியிலிருந்து குளியலறை வரைக்குந்தான்! எந்த மதம் உயர்ந்தது என்று சண்டை போடுகிறவர்கள், பெண்ணைப் பூட்டிவைக்கிற விஷயத்தில் மட்டும் எவ்வளவு ஒற்றுமையாயிருக்கிறார்கள் பார்த்தீர்களா?

இப்படிப் பட்ட புஸ்தகங்களைப் படித்துவிட்டு, "ஆகா, என்ன மனவுறுதி! என்ன போராட்டம்!" என்று மெச்சி அலமாரியில் வைக்கிற வழக்கம் ஒன்று இப்போது பரவிவருகிறது. இதுவும் பழைய நளாயினி பூஜையின் புது வேஷமே. ராசசுந்தரி தேவியின் உறுதியை மெச்சுவதற்கு முன், அந்த உறுதி அவருக்கு ஏன் தேவைப்பட்டது என்று கேளுங்கள். அண்ணன் தம்பிமார் திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்து சும்மா கற்ற எழுத்தை, அவர் திருடிக் கற்கவேண்டியிருந்ததால் தேவைப்பட்டது. கதவு திறந்திருந்தால் யாரும் சுவரேறிக் குதிக்கவேண்டியதில்லை. சுவரேறினவளுக்கு மாலை போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியே வைத்திருப்பது எந்த நாகரிகம்?

ஆகவே தோழர்களே, பெண்ணைப் பற்றிய எந்தப் புஸ்தகம் உங்கள் கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகள் போடுங்கள். இதிலே வருகிற கஷ்டத்தைக் கொடுத்தவன் யார் என்று சொல்லியிருக்கிறதா? பட்டவள் ஏன் பொறுக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறதா? பேசுகிற வாய் அவளுடையதா, அவளுக்காக இன்னொருவன் பேசுகிறானா? மூன்றுக்கும் இல்லை என்று பதில் வருமானால், அது எவ்வளவு அழகான நடையில் எழுதப்பட்டிருந்தாலும், எத்தனை பரிசு பெற்றிருந்தாலும், பழைய விலங்குக்குப் போட்ட புது முலாம் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆண் எழுதக்கூடாது என்று நாம் சொல்லவரவில்லை. பூலேயைப்போல் எழுதட்டும். பெண் பேசும்போது பக்கத்தில் நின்று எழுதட்டும். அவள் வாயை மூடிவிட்டு அவள் குரலில் எழுதவேண்டாம்.

படிப்பதோடு தீர்ந்துவிடாது. கலியாணத்துக்குப் பாத்திரம் பண்டம் வாங்குகிறீர்களே, அதோடு பெண் எழுதிய ஒரு புஸ்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள். உங்கள் ஊர் வாசகசாலையில் பெண்கள் தைரியமாக வந்து உட்கார வசதி இருக்கிறதா, அல்லது திண்ணைச் சீட்டுக் கச்சேரியைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டிலே மனைவியோ மகளோ ஒரு புஸ்தகத்தைப் பிரித்தால், "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்காமல் அன்றைக்கு ஒரு வேளை உலையை நீங்கள் வையுங்கள். மேடையிலே ஒரு மணி நேரம் பெண்ணுரிமை பேசுவதைவிட, வீட்டிலே அவள் படிப்பதற்கு ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுப்பது பெரிய காரியம். ஏனென்றால் அந்த ஒரு மணி நேரம் நாம் கொடுக்கிற தர்மமல்ல. அவளிடமிருந்து நாம் எடுத்துக்கொண்டது.

அவள் படிப்பாள், படித்தால் கேட்பாள், கேட்டால் எழுதுவாள். அவள் எழுதுகிறதில் நம்மைப் பற்றியும் இருக்கும். அது நமக்கு ருசிக்காமல் இருக்கலாம். ஆயிரம் வருஷமாக அவளைப் பற்றி நாம் எழுதியதை அவள் கேட்டுக்கொண்டிருந்தாளே, இனி கொஞ்ச காலம் அவள் எழுதுவதை நாம் கேட்போமே!